ஐப்பசிக்கு ஒரு பெட்டி, கார்த்திகைக்கு ஒரு பெட்டி

கேள்வி இது: "ஆச்சி, காரைக்குடிப் பக்கம் மாமனார் ஊரில் பூர்வீக வீட்டுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. கொலுப் பொம்மை, அகல், சீரியல் லைட், தோரணம் எல்லாம் ஐந்தாறு அட்டைப் பெட்டிகளில் கலந்து கிடக்கின்றன. தேடினால் எதுவும் கிடைப்பதில்லை, வருடா வருடம் ஏதாவது ஒன்று உடைகிறது. வெளிநாட்டில் இருக்கும் நாத்தனார் அக்டோபர் வந்தால் வாசலில் பூசணிக்காய், காய்ந்த இலை மாலை என்று அலங்கரித்துப் படம் அனுப்புகிறார். நம் ஊரில் இந்தப் பருவத்தில் ஒன்பது வயதுப் பெண்ணையும் ஆறு வயதுப் பையனையும் வைத்துக்கொண்டு அதிகச் செலவில்லாமல் என்ன செய்யலாம்?"

முதலில் அந்த இலை மாலையை விட்டுவிடுங்கள். குளிர் நாடுகளில் அக்டோபரில் இலை பழுத்து உதிரும், பூசணி அறுவடைக்கு வரும். அவர்கள் தங்கள் வாசலில் கிடைப்பதை வைத்து அலங்கரிக்கிறார்கள், அது சரிதான். நமக்கு இலை உதிர்வது மாசி, பங்குனியில். ஐப்பசியையும் கார்த்திகையையும் பழைய தமிழ்க் கணக்கில் கூதிர் காலம் என்பார்கள். அக்டோபர் இருபது தேதிவாக்கில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். எட்டு மாதம் காய்ந்து கிடந்த செம்மண் பொட்டலெல்லாம் பச்சை பிடிக்கும். நம் அலங்காரமும் அந்தப் பச்சையிலிருந்துதான் வரவேண்டும், நம் தலைவலியும் அந்த ஈரத்திலிருந்துதான் வரும். அதனால் ஈரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

நானும் உங்களைப் போலத்தான் தொடங்கினேன். விளக்கெல்லாம் ஒரு பெட்டி, துணியெல்லாம் ஒரு பெட்டி, பொம்மையெல்லாம் ஒரு பெட்டி என்று இனம் பிரித்து வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் திருக்கார்த்திகை அன்று அகலுக்கு ஒன்று, திரிக்கு ஒன்று, தோரணத்துக்கு ஒன்று என்று எல்லாப் பெட்டியையும் திறந்தேன். திறந்த ஐந்தையும் மறுபடி கட்ட யாருக்கும் பொறுமை இல்லை. அந்த வருடம் பொங்கல் வரை ஒரு பெட்டி வளவில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய கூடத்தில், ஒரு தூண் ஓரமாகவே கிடந்தது.

இப்போது நாள்படி பிரிக்கிறேன். கொலுவுக்கு ஒன்று. தீபாவளிக்குச் சின்னதாக ஒன்று. கார்த்திகைக்கு ஒன்று. மார்கழிக்கும் பொங்கலுக்கும் சேர்த்து ஒன்று. கார்த்திகைப் பெட்டியைத் திறந்தால் அகல், திரி, அகல் வைக்கும் பலகை, குத்துவிளக்கு துடைக்கும் துணி, தீப்பெட்டி வரை எல்லாம் அதிலேயே இருக்கும். எல்லா நாளுக்கும் பொதுவான கயிறு, கத்தரிக்கோல், சிறு ஆணி, டேப் இவற்றை மட்டும் ஓர் ஓலைக் கொட்டானில் போட்டுச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டேன். அடுத்து வரும் நாளின் பெட்டி மேலே, முடிந்ததன் பெட்டி அடியில். கொலுப் பெட்டி மட்டும் இந்தச் சுழற்சியில் சேராது. அது கனம், எப்போதும் கீழேதான்.

பெட்டி வாங்கக் காசு செலவழிக்காதீர்கள். செட்டிநாட்டு வீட்டில் பெட்டிக்கா பஞ்சம்? உங்கள் பங்குக்கு வந்த உள்வீட்டை, அதாவது வளவை ஒட்டிய உள்ளறையைத் திறந்து பாருங்கள், ஒரு தகரப் பெட்டியாவது, பலகாரம் வைக்கும் பழைய டின் நாலாவது இருக்கும். பெட்டகம் இருந்தால் அதிர்ஷ்டம். ஆனால் பெட்டகத்தில் பங்காளிகள் யார் சாமானாவது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். இல்லாவிட்டால் அலங்காரத்தை விட அந்தப் பஞ்சாயத்து பெரிதாகிவிடும்.

அட்டைப் பெட்டி வேண்டவே வேண்டாம். மழைக்காலத்தில் அது ஈரத்தை உறிஞ்சும், கரையானுக்கு விருந்தும் ஆகும். எந்தப் பெட்டியானாலும் தரையில் நேராக வைக்காமல், நாலு செங்கல் மேல் ஒரு பலகை போட்டு, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். நம் வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சு பளிங்குபோல இருக்கும். பார்த்தால் ஈரமே இல்லை என்று தோன்றும், கையை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பரணில் வைப்பதானால் முதல் மழையன்று டார்ச் எடுத்துக்கொண்டு ஏறிப் பாருங்கள். ஓட்டுக் கூரை இரண்டு சேரும் மூலையில்தான் பெரும்பாலும் ஒழுகும்.

இனிப் பொம்மைகள். இங்கே நான் பட்ட அவஸ்தையைச் சொன்னால்தான் புரியும். ஒரு வருடம் விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைத்தோம். மறுநாள் மழை. ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் எல்லாவற்றையும் செய்தித்தாளில் சுற்றி, அந்துருண்டை நாலு போட்டு மூடிவிட்டோம். அடுத்த புரட்டாசியில் திறந்தால் காகிதக்கூழ் கிருஷ்ணர் முதுகெல்லாம் பூஞ்சை. விளாச்சேரியில் வாங்கிய மண் பொம்மை இரண்டில் அச்சு மை ஒட்டி, மகாலட்சுமி கன்னத்தில் யாரோ ஒரு வேட்பாளரின் மூக்கு. பேத்தி கோட்டை செய்து வைத்திருந்த தெர்மகோல், உருண்டை பட்ட இடத்தில் குழிந்து போயிருந்தது.

அதற்குப் பிறகு இப்படிச் செய்கிறேன். விஜயதசமிக்கு மறுநாளே கட்டுவதில்லை. படியைக் கலைத்து, பொம்மைகளைப் பட்டாலையில், அதாவது உள்திண்ணையில் விரித்த பாயில் ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் நிழலில் வைக்கிறேன். வெயில் கூடாது, சாயம் வெளுக்கும். மண் பொம்மையை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. பலவற்றில் பூசியிருப்பது தண்ணீரில் கரையும் சாயம், மூக்கும் கண்ணும் துணியோடு வந்துவிடும். பெயின்ட் அடிக்கும் காய்ந்த தூரிகையால் தூசி தட்டினால் போதும். சுற்றுவதற்குப் பழைய பருத்தி வேட்டி, உள்பாவாடைத் துணி. கை, வீணை, வேல் என்று நீட்டிக்கொண்டிருக்கும் இடங்களில் பஞ்சு வைத்து, பிறகு சுற்றுங்கள். உடைவது பெரும்பாலும் அங்கேதான். கனமானது அடியில், காகிதக்கூழ் மேலே. மரப்பாச்சி எங்கே வேண்டுமானாலும் கிடக்கும், அதற்கு எந்தக் குறையும் வராது. அந்துருண்டைக்குப் பதிலாகக் காய்ந்த வேப்பிலையும் நாலைந்து துண்டு வசம்பும் துணியில் முடிந்து போடுகிறேன். ஆறு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் அந்துருண்டை வேண்டாம் என்பேன். அது மிட்டாய்போல இருக்கிறது, வாயில் போனால் விபரீதம்.

அகலுக்கு வருவோம். புது அகலை அரைநாள் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, பிறகு எண்ணெய் ஊற்றுங்கள். ஊறாத அகல் பாதி எண்ணெயைத் தானே குடித்துவிடும். கார்த்திகை முடிந்ததும் அரப்புப் பொடியோ சீயக்காயோ போட்டு வெந்நீரில் கழுவி, நல்ல வெயிலில் காயவைத்து, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் வருடக்கணக்கில் வரும். எண்ணெய்ப் பிசுக்கோடு வைத்தால் தூசி படிந்து கறுப்புக் களியாகிவிடும், எறும்பும் வரும்.

பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது எல்லோருக்கும் தெரியும். அதை எங்கே தேய்ப்பது என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் தேய்க்காதீர்கள். அது சிமெண்டில் செய்தது. புளி, எலுமிச்சைபோலப் புளிப்பு எது பட்டாலும் மெருகு போய் வெள்ளைத் திட்டு விழும். பின்கட்டில், கிணற்றடியில் தேய்த்துக் கொண்டுவாருங்கள். தேய்த்தபின் புளி கொஞ்சம்கூட மிச்சமில்லாமல் கழுவி, துடைத்து, வெயில் காட்டி எடுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருடம் பச்சைக் களிம்புதான். ஸ்டிக்கர் கோலமும் ஆத்தங்குடிக் கல் தரையில் வேண்டாம், பசை போகவே போகாது. பச்சரிசியை ஊறவைத்து அரைத்து, துணியை நனைத்துப் பிழிந்து போடும் நடுவீட்டுக் கோலத்துக்கு எந்தப் பெட்டியும் தேவையில்லை. உங்கள் மாமியாருக்குக் கைப்பழக்கம் இருந்தால் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து இந்த வருடமே பிடித்துக்கொள்ளுங்கள்.

சீரியல் லைட்டை அட்டைத் துண்டில் சுற்றி வையுங்கள், சுற்றும் முன் எரிகிறதா என்று பாருங்கள். அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு நோட்டு. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் பாத்திரத்தில் விலாசம் வெட்டி, சாமான் கணக்கு எழுதி வைப்பார்கள் அல்லவா? அதே வேலைதான். பெட்டிக்கு ஒரு பக்கம். எழுதுவது பெண்ணின் வேலை, சொல்லச் சொல்ல எண்ணுவது பையனின் வேலை. எதில் என்ன இருக்கிறது, எது உடைந்தது, எது தீர்ந்தது, அடுத்த வருடம் என்ன வாங்க வேண்டும், எல்லாம் பெட்டி கட்டும் அன்றே எழுதிவிட வேண்டும். எங்கள் நோட்டில் பேத்தி எட்டு வயதில் எழுதிய "ராமர் ஒரு விரல் போச்சு, விரல் டப்பாவில் இருக்கு" இன்னும் இருக்கிறது. அந்த விரலை ஒட்டியாகிவிட்டது. கடை வீதியில் கண்டதையும் வாங்கி வரும் செலவு இந்த நோட்டால்தான் எங்கள் வீட்டில் நின்றது. அகல் மூன்று டஜன் இருப்பது தெரிந்தால் நாலாவது டஜன் யார் வாங்குவார்கள்?

சரி, பிள்ளைகளோடு என்ன செய்வது? நான் சொல்வதில் பாதி அலங்காரத்துக்குப் பொருள் சேர்க்கும் வேலையாகவே இருக்கும். விளையாட்டும் வேலையும் தனித்தனி என்று பிள்ளைகளுக்குத் தோன்றாமல் இருந்தால் பெட்டி கட்டும் அன்றும் கூட வந்து உட்காருவார்கள்.

இந்தப் பருவத்தின் முதல் வேலை பனங்கொட்டை. ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் தானாக விழும். காலையில் கண்மாய்க் கரைப் பக்கம் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு நடந்தால் இருபது, முப்பது கிடைக்கும். சுட்டுத் தின்றுவிட்டுக் கொட்டையை எறியாதீர்கள். பின்கட்டில் மண்ணைக் கொத்திக் குவித்து, பாத்தி மாதிரி மேடாக்கி, கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே மண் மூடுங்கள். மழை பார்த்துக்கொள்ளும். வாசல் பக்கமே தண்ணீர் ஊற்ற மறக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இதைவிட நல்ல பயிர் இல்லை. எதற்கு இது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பனையோலை கிடைத்தால் அன்றே காற்றாடி செய்யுங்கள். இரண்டு ஓலைத் துண்டைக் குறுக்காக மடித்துக் கோத்து, நடுவில் காட்டுக்கருவை முள்ளைக் குத்தி, ஈர்க்கில் சொருகினால் ஆயிற்று. ஓடினால் சுற்றும். முள்ளைப் பெரியவர்கள் ஒடித்துக் கொடுங்கள். குருத்தோலை கிடைத்தால் தோரணம். அதைச் சேமிக்க முயலாதீர்கள், இரண்டு நாளில் வாடுவதுதான் அதற்கு அழகு.

கொலுவுக்கு ஐந்து நாள் முன்பு ஓர் அகலத் தட்டில் மண் போட்டுக் கடுகு, வெந்தயம், கேழ்வரகு தூவித் தெளிக்கச் சொல்லுங்கள். கொலு தொடங்கும்போது பூங்கா பச்சையாக நிற்கும். நம் மாவட்டத்தில் முளைப்பாரி பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம், யார் தட்டு உயரம் என்று போட்டி வரும். பொம்மை வாங்கும் ஆசையை நான் இப்படித்தான் அடக்குகிறேன்: வருடத்துக்கு ஒரே ஒரு பொம்மை, மற்றதெல்லாம் பிள்ளைகள் கையால் செய்தது. தீப்பெட்டிகளை ஒட்டி, வளவும் முகப்புமாக எங்கள் வீட்டையே பேத்தி ஒரு வருடம் செய்தாள். தூணுக்குக் கறுப்பு வண்ணம் பூசிய ஐஸ்குச்சி. வந்தவர்கள் எல்லாம் விளாச்சேரிப் பொம்மையை விட்டுவிட்டு அதைத்தான் பார்த்தார்கள்.

விஜயதசமி மாலை மகர்நோன்பு. சாமி குதிரை வாகனத்தில் வந்து வாழைமரத்தின் மேல் அம்பு போடும். காரைக்குடியில் அதற்கென்றே மகர்நோன்புப் பொட்டல் என்று ஓர் இடம் இருக்கிறது. கூட்டம் உண்டு, பையனைத் தோளில் வைத்துக்கொள்ளுங்கள். அம்பு பொறுக்க ஓடும் பெரிய பையன்களுக்கு நடுவில் விட்டுவிடாதீர்கள்.

மழை நாட்களுக்கு உங்கள் வீட்டு முற்றமே போதும். நாலு பக்கத்துக் கூரையிலிருந்தும் தண்ணீர் கொட்டும்போது மூலைக்கு ஓர் அண்டா வைத்து, எது முதலில் நிரம்புகிறது என்று பந்தயம் வைக்கலாம். காகிதக் கப்பல் விடலாம். மழை விட்டதும் ஊருணிக்குப் போய், நேற்றைக்குத் தெரிந்த படிகளில் இன்றைக்கு எத்தனை மூழ்கியிருக்கிறது என்று எண்ணலாம். செம்புறாங்கல் படியில் பாசி பிடித்திருக்கும், வழுக்கும், பிள்ளைகளின் கையை விடாதீர்கள். செம்மண்ணில் பட்டுபோலச் சிவப்பாக ஊரும் தம்பலப்பூச்சியைக் காட்டுங்கள், உள்ளங்கையில் ஏற்றி இறக்கிவிட்டால் போதும், தீப்பெட்டியில் அடைக்க வேண்டாம். வேலி ஓரம் செங்காந்தள் பூத்திருக்கும். கார்த்திகைப் பூ என்பது அதுதான், நம் மாநிலப் பூவும் அதுதான். பார்க்க மட்டும். கிழங்கு கடும் விஷம், அலங்காரத்துக்குக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

மழை மாலைக்கு வெள்ளைப் பணியாரம். பச்சரிசியை உழக்கில் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாக நிற்கும் வரை கொட்டுங்கள், அதுதான் கணக்கு. அந்தக் கோபுரம் கட்டும் வேலையைப் பையனிடம் கொடுத்தால் பாதி உளுந்து தரைக்குப் போகும், ஆனால் ஆயுசுக்கும் அளவு மறக்காது. எண்ணெய்ச் சட்டிப் பக்கம் மட்டும் விடாதீர்கள்.

வெளியே போவதானால் டவுன் பஸ். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021-இலிருந்து கட்டணம் இல்லை. உங்களுக்கும் பெண்ணுக்கும் செலவே கிடையாது, பையனுக்கு அரை டிக்கெட். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் குன்றக்குடியும் பிள்ளையார்பட்டியும் வந்துவிடும். குன்றக்குடியில் மலை ஏறி முருகனைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், அடிவாரத்தில் குடைவரைகள் இருக்கின்றன, பலர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பிள்ளையார்பட்டியில் கற்பக விநாயகர் பாறையிலேயே செதுக்கியவர். எத்தனை கை, தும்பிக்கை எந்தப் பக்கம் என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இரண்டே கை, வலம்புரி. நகரத்தார் கோயில்கள் ஒன்பதில் பிள்ளையார்பட்டி ஒன்று. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர் என்று மற்ற எட்டையும் ஞாயிற்றுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டால் இரண்டு மாதம் ஓடிவிடும். ஐப்பசிப் பௌர்ணமியை அதில் ஒரு சிவன் கோயிலுக்கு ஒதுக்குங்கள். அன்னாபிஷேகம். லிங்கம் முழுவதும் சோறு மூடியிருப்பதை ஒரு தரம் பார்த்த பிள்ளை, தட்டில் சோற்றை மிச்சம் வைக்கக் கொஞ்சம் கூச்சப்படும். கொஞ்சம்தான்.

ஆத்தங்குடிக்கும் ஒரு நாள் போங்கள். வெயில் அடிக்கும் நாளாக இருக்கட்டும். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கிண்ணம் கிண்ணமாக வண்ணச் சிமெண்டை ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துவார்கள். சூளையே கிடையாது. தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறி, காய்ந்து, கண்ணாடியிலிருந்து கழன்று வரும்போது அந்தப் பளபளப்பு தானாக வந்திருக்கும். நாம் நடக்கும் தரை இப்படித்தான் வந்தது என்று தெரிந்த பிள்ளை அதில் பம்பரம் குத்தாது. வேலை நடக்கும் இடம், அவர்களைக் கேட்டுக்கொண்டு ஓரமாக நின்று பாருங்கள். கானாடுகாத்தானில் தெருவில் நடப்பதற்குக் காசே வேண்டாம். வாசல் முகப்புகளின் மேலே கஜலட்சுமி எத்தனை, துப்பாக்கி பிடித்த சிப்பாய் எத்தனை என்று அண்ணாந்து எண்ணிக்கொண்டே போகலாம். கழுத்து வலிக்கும்.

தீபாவளிக்குப் பட்டாசுச் செலவைக் குறைக்க வேண்டும் என்றால் திட்டுவதில் பயனில்லை. நம் திருப்பத்தூர் பக்கத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது, 1977-இல் அறிவித்தது. அங்கே கொள்ளுக்குடிப்பட்டி ஊர்க்காரர்கள் கண்மாய்க்கு வரும் பறவைகள் பயந்துவிடும் என்று பல வருடங்களாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வனத்துறையினர் அவர்களுக்கு இனிப்பு கொடுத்து நன்றி சொல்வது தீபாவளி தோறும் செய்தியில் வரும். மழை பெய்து கண்மாயில் தண்ணீர் நின்றால் கார்த்திகை, மார்கழியில் நத்தைகொத்தி நாரையும் கொக்குமாக மரமெல்லாம் வெள்ளையாக இருக்கும். அதிகாலை போனால் நல்லது. தண்ணீர் இல்லாத வருடம் வீணாக அலையாதீர்கள், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். எங்கள் பேரன் அங்கே போய் வந்த வருடம் அணுகுண்டு வேண்டாம் என்று தானே சொன்னான். மத்தாப்பு மட்டும் இரட்டிப்பாகக் கேட்டான், அது வேறு கதை.

பட்டாசு ஆசை தீராத பிள்ளைக்கு மாவலி இருக்கிறது. ஆண்பனையின் காய்ந்த பூவைச் சேர்த்துச் சிறு குழியில் போட்டுக் கொளுத்தி, நன்றாகத் தணல் ஆனதும் மண் தள்ளி மூடிவிட வேண்டும். மறுநாள் தோண்டினால் கரி. அதை இடித்துப் பொடியாக்கி, பழைய பருத்தித் துணியில் சாண் நீளத்துக்கு உருட்டி இறுக்கிக் கட்டி, மூன்றாகப் பிளந்த பனைமட்டைக்கு நடுவில் வைத்துக் கட்ட வேண்டும். ஒரு கயிறு. கார்த்திகை இரவு நுனியில் நெருப்பு வைத்துச் சுற்றினால் பொன் பூவாகக் கொட்டும். கடையில் வாங்கும் எதற்கும் அந்த நிறம் வராது. ஆறு வயதுப் பையன் கரி இடிக்கட்டும், சுற்றுவது அப்பாவோ பெரியப்பாவோ. வைக்கோல்போர் இல்லாத திறந்த இடம், பருத்தி உடுப்பு, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், இதில் எது குறைந்தாலும் சுற்ற வேண்டாம். பொடி இடித்த பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது உங்கள் பாடு.

திருக்கார்த்திகை முடிந்தவுடன் உங்கள் மாமியார் ஒரு கோடித் துணியை எடுத்து வைப்பார், போன வருடம் கவனித்திருப்பீர்கள். பிள்ளையார் நோன்புக்கு. நாளுக்கு ஓர் இழையாக இருபத்தொன்று சேர்த்துத் திரியாக்கி, மார்கழியில் சஷ்டியும் சதயமும் கூடும் நாளில் மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். அந்தத் தினசரி இழையை உருவும் பொறுப்பைப் பெண்ணிடம் கொடுக்கச் சொல்லி மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் அப்பத்தா எனக்குக் கொடுத்திருந்தார்கள். இன்றைக்கு எத்தனையாவது இழை என்று தூங்கி எழுந்ததும் சொல்வேன், பள்ளிக்கூடக் கணக்கு அவ்வளவு சரியாக வந்ததில்லை. நோன்பன்று காலையில் ஆவாரம்பூ பறிக்கப் பையனை அழைத்துக்கொண்டு போங்கள். அலங்காரத்துக்கு அதுவும் கொஞ்சம் பொரியும் போதும்.

அப்புறம் அந்தப் பனங்கொட்டைப் பாத்தி. பொங்கலுக்கு நாலைந்து நாள் முன்பு, மார்கழிப் பெட்டியைத் திறக்கும் சமயத்தில், ஓரமாக ஒன்றைத் தோண்டிப் பாருங்கள். கிழங்கு ஒரு முழம் இறங்கியிருந்தால் முழுவதையும் எடுக்கலாம். கடப்பாரை உங்கள் வீட்டுக்காரரிடம், மண்ணைத் தள்ளுவது பிள்ளைகள் கையால். மேலே ஒட்டியிருக்கும் கொட்டையை வெட்டிப் பிளந்தால் உள்ளே வெள்ளையாகத் தவின் இருக்கும், அதை அங்கேயே தின்றுவிடுவார்கள். கிழங்கை மட்டும் கழுவி, மஞ்சள்தூளும் உப்பும் போட்டுப் பெரிய பானையில் அவியுங்கள். பங்காளி வீடுகளுக்கெல்லாம் ஒரு கட்டு கொடுத்துவிட வேண்டியிருக்கும், அதனால் முப்பது கொட்டை போதாது, ஐம்பதாகப் போடுங்கள்.